மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்த பெட்டி

அமலியக்கா எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. பிடுங்கினாள் என்று சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். தெருவில் பார்த்தால் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு லாரி கிளீனர், பிறகு நோணாங்குப்பத்தில் படகுக்குக் கயிறு பிடிக்கும் வேலை... எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே கேமரா மாட்டுகிறவன் ஆனேன். பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

புதுச்சேரி டவுனில் ஒரு வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்; தெருவே அவரை மிசே என்றுதான், பிரெஞ்சு வழக்கில் ஐயா என்பதுபோல, கூப்பிடும். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மனைவி இல்லை. ஒரே மகள் பெர்னதெத் பிரான்சில். அரியாங்குப்பத்து அமலியக்காதான் ஆறு வருடமாக அந்த வீட்டிலேயே தங்கி அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறைக்கு வந்த மகள் ஒரு கேமரா கொண்டுவந்தார். அது நாலாபுறமும் தலையைத் திருப்பும். இருட்டினால் தன் விளக்குகளைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்குத் தனியாக மின்சார ஒயர் கிடையாது. இணையம் போகிற ஒயரிலேயே மின்சாரத்தையும் ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்றி அனுப்பும் கறுப்புப் பெட்டிக்கு இன்ஜெக்டர் என்று பெயர்.

என் பையில் இரண்டு இன்ஜெக்டர்கள் இருந்தன. ஒன்று செங்கல் போலக் கனம். மற்றது சோப்புப் பெட்டி அளவு. நான் சின்னதை எடுத்தேன். ஏன் தெரியுமா? கூடத்து மூலையில் மரத்தாலான மாதா சுரூபம் இருந்தது. அதற்குப் பின்னால் இந்தச் சின்னப் பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்தது. ஒயரே தெரியாமல் வேலை செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காக எடுத்தேன்.

"தம்பி, இந்தக் கேமராவுக்கு முப்பது வாட் வேணும்னு போட்டிருக்கு. உங்க பெட்டி தாங்குமா?" என்று கேட்டார் பெர்னதெத்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போல ஆங்கிலம். நடுவில் 48 என்று பெரிதாக இருந்தது. முப்பதைவிட நாற்பத்தெட்டு பெரிது. என் படிப்பு அவ்வளவுதான்.

"தாராளமா தாங்கும் மேடம்."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கேமரா இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பியது.

"பாருங்க மிசே, கஞ்சி குடுத்தா நீங்க ஆட்டுற மாதிரியே ஆட்டுது," என்றாள் அமலியக்கா. மிசேயின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. மகளும் சிரித்தார்.

அதுவரை அறியாமை. வெறும் அறியாமைக்காக நான் இப்படி உட்கார்ந்து எழுதமாட்டேன்.

மகள் பிரான்சுக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் போன் செய்தார்.

"தம்பி, தினம் சாயங்காலம் ஆறரைக்கு கேமரா நின்னுடுது. ஏழேகாலுக்கு வருது. மெஷின் கெட்டா இப்படி மணி பாத்தா கெடும்? அமலிய கேட்டா தொடவே இல்லங்கறாங்க. அந்த முக்கால் மணி நேரம் எங்கப்பாவ என்னதான் பண்றாங்க?"

மறுநாள் மாலை போனேன். அக்கா காபி கொடுத்தாள். ஆறரைக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சுரூபத்தின் முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மிசேயின் மனைவி இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் ஜெபமாலையாம். மாலையை மிசேயின் இடது கையில் சுற்றிவிட்டு, அவருக்கும் சேர்த்து அவளே சொன்னாள். ஜெபம் முடிந்ததும் விளக்கைப் போட்டால் விடியும்வரை எரியும். அவருக்கு இருட்டில் தூக்கம் வராது.

இந்த முக்கால் மணி நேரம்தான் வீடு இருட்டாக இருக்கும்.

கேமராவின் முகத்தில் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. டக்... பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. தொட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 48 என்பது வோல்ட், குழாயில் தண்ணீர் வருகிற வேகம் மாதிரி. எத்தனை குடம் கிடைக்கும் என்பது வாட், வேறு எண். அது ஓரத்தில் சின்னதாக 15 என்று இருந்தது. பகலில் கேமராவுக்கு அது போதும். இருட்டில் தன் விளக்குகளைப் போட்டதும் போதாமல் விழுந்து விழுந்து எழுந்தது. அக்கா விளக்கைப் போட்டதும் பிழைத்துக்கொண்டது. செங்கல் பெட்டி என் தோள்பையிலேயே இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

அக்கா கஞ்சி சூடு பண்ண உள்ளே போனாள். போன் அடித்தது.

"கண்டுபிடிச்சீங்களா தம்பி? பெட்டில ஏதாவது குறையா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் தப்பு மேடம் என்ற மூன்று சொற்கள். தன் உறவினர் வீடுகளில் எனக்கு வேலை பிடித்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதற்காகவா? இல்லை... வேலை போனால் வேறு ஊர், எனக்கு அது பழக்கம். அந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை.

"பெட்டி நல்லா இருக்கு மேடம். யாரோ ஒயர புடுங்கி மாட்டுறாங்க."

"யாரோன்னா? அமலியா?"

"வீட்ல வேற யாரு மேடம் இருக்காங்க?"

மிசே இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். ஜெபமாலை தெறித்துக் கீழே விழுந்தது.

"இன்னா மிசே, பசிக்குதா? தோ வந்துட்டேன், வந்துட்டேன்," என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்.

மாலையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் விரல்களை மூடவில்லை.

மூன்றாம் நாள் அமலியக்காவை நிறுத்திவிட்டார்கள். புது ஆள் வந்தாள். வந்த அன்றே மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி மிசே அவளையும் விடவில்லையாம், விளக்கை அணைக்கச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாராம்; நாளையிலிருந்து ஏற்றுகிறேன் என்றாளாம். இவள் மேலும் பழி விழுமே என்று எனக்குப் பயம் வந்தது. மறுநாள் பகலிலேயே சர்வீஸ் என்று சொல்லிப் போய், சத்தமில்லாமல் செங்கல் பெட்டியை மாற்றி வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் பெர்னதெத் பேசினார். "பாத்தீங்களா தம்பி, அவங்க போனதுலேர்ந்து ஒரு நாள்கூட நிக்கல. நீங்க சொன்னதுதான் சரி."

புரிகிறதா உங்களுக்கு? நான் கைவைக்காமல் விட்டிருந்தால், அவள் போன பிறகும் ஆறரைக்குக் கேமரா நின்றிருக்கும். அவள் மேல் தப்பில்லை என்று அந்தக் கெட்ட பெட்டியே சொல்லியிருக்கும். அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்!

சில மாதம் கழித்து கோரிமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு குரல். "இன்னாப்பா கேமராக்காரத் தம்பி, இப்படி இளைச்சுட்ட?"

அமலியக்கா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக உட்காரும் வேலை. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஆறு வருட வீட்டில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள் என்பதால் வீட்டு வேலை கிடைக்கவில்லை. இதையெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, உனக்குத்தான் தெரியும். மெழுகுவர்த்தி வெக்க குனியறப்போ என் கை கிய் அந்த ஒயர்ல பட்டிருக்குமா? ராவெல்லாம் யோசிக்கிறேன். நான்தான் தெரியாம இடிச்சுட்டனா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பஸ்கூட வரவில்லை.

"இருக்கும்க்கா," என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். "அப்ப அதான். வேணும்னு பண்ணலல்ல? அந்தப் பொண்ணுகிட்ட நீயாவது சொல்லுப்பா, அமலி வேணும்னு பண்ணலன்னு."

"சொல்றேங்க்கா."

சொல்லவில்லை.

இப்போது எந்த இன்ஜெக்டரை எடுத்தாலும் போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, ஓரத்து எண்ணை இரண்டு முறை படிக்கிறேன். இருட்டில் கேமரா எவ்வளவு கேட்கும் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியே வைக்கிறேன். என் கேமராக்கள் நிற்பதில்லை. சோப்புப் பெட்டியை வீசவும் முடியவில்லை, வேறெங்கும் மாட்டவும் முடியவில்லை. எந்த வேலைக்குப் போனாலும் பையின் அடியில் கூடவே வருகிறது.

மிசே இன்னும் இருக்கிறார். சர்வீசுக்குப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பெர்னதெத்தின் எண் என் போனில் இருக்கிறது. ஒரு வரி போதும். எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்திருக்கிறேன்... இதை உங்களுக்கு எழுதிக்கொண்டே இப்போதும் திறந்து பார்த்தேன். ஆன்லைனில்தான் இருக்கிறார்.