முதல் படம் வலைக்கு

சாவுச் செய்தி வந்தபோது, வலை வியாபாரி ஒருவரிடம் என் தோள்பட்டையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். உடம்பில் இருக்கும் தோள்பட்டை இல்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது. ஜமீலா அக்காவின் தம்பி ரஹீம் சைக்கிளை விட்டு இறங்கி, "அக்கா காலைல மவுத்தாயிட்டாங்க" என்றார். படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவின் கேமராவை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் வேலையிலிருந்து ரஹீம் கொண்டுவந்தது; உள்ளங்கையில் அடங்கிவிடும். ஸ்டூடியோவில் ஆண்கள் முன்னால் உட்காரத் தயங்கிய பழவேற்காட்டுப் பெண்களெல்லாம் அக்கா வீட்டு முற்றத்தில்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்து, ஒரு கல்யாணமே பனிமூட்டத்தில் நடந்த மாதிரி விழுந்துவிட்டது. நான் பொறுப்பாக யோசனை சொன்னேன். "படகு மோட்டாருக்குத் தடவுறாப்ல தேங்கா எண்ணெ தடவுங்கக்கா, உப்பு ஒட்டாது."

"மொதல்ல உன் கண்ணுல ரெண்டு சொட்டு உட்டுக்கோப்பா. நல்லாத் தெரிஞ்சா நானும் தடவுறேன்."

கேமரா சென்னைக்குப் போய்ச் சுத்தமாகி வந்தது. அதன்பின் அது ஈரம் இழுக்க வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் டப்பாவில்தான் தூங்கியது. ஒவ்வொரு ஃபிலிம் சுருளிலும் முதல் படம் கரையில் காயும் வலைக்கு. "வலைக்கண்ண எண்ண முடிஞ்சாத்தான் அந்த லென்ஸ நம்பி ஒரு பொண்ணு மூஞ்சிய எடுக்கலாம்" என்பார். வலை மங்கலாக விழுந்தால் அடுத்த சுருள் கேமராவுக்குள் போகாது.

எட்டாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. என் வலையைப் படம் எடுக்க வந்த அக்கா அதன் சொந்தக்காரனையும் எடுப்பார் என்று தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். படம் வந்தது. முழுக்க வலை, ஓரத்தில் என் தோள். "தோளுக்கு மட்டும் ஒரு மாலை வாங்கியாரட்டா?" என்றாள் என் மனைவி.

அந்த வருஷம்தான் திருப்பாலைவனம் திருவிழாக் கூட்டத்தில் என் மகள் செல்வி தொலைந்துபோனாள். அப்பா பேர் கேட்டால் "நைனா" என்று மட்டும் சொல்லத் தெரிந்த வயசு. போலீஸ் ஸ்டேஷனில் படம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அவள் படம் ஏது? அக்காவிடம் ஓடினேன்.

"உன் தோள் படம் இருக்குதில்ல? வலைக்குப் பின்னால பாரு."

பார்த்தேன். தொங்கும் வலைக்கு அப்பால் செல்வி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் நான் என் தோளை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நெகட்டிவை எடுத்துக்கொண்டு அக்காவும் என்னோடு பொன்னேரி ஸ்டூடியோவுக்கு வந்தார். மருந்துத் தட்டில் மிதந்த பெரிய தாளில் செல்வியின் முகம் மெல்ல எழுந்து வந்தது. ஒரு வலைக்கண்ணுக்குள் கண், அதற்கு மேல் வலைக்கண்ணில் புருவத்துத் தழும்பு. தழும்பின் தையல் தடம்கூடத் தெரிந்தது. "இந்தக் குட்டி டப்பால எடுத்ததா?" என்று ஸ்டூடியோக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட்டத்தோடு ஏதாவது பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று அந்தப் படத்தின் நகல்களை பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்தோம். கும்மிடிப்பூண்டியில் வடை சுடும் அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "இந்தத் தழும்பா? நம்ம வூட்லதான் தூங்கினுகீது புள்ள" என்றாராம்.

செல்வியைத் தோளில் சுமந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. அந்தப் பெரிய படத்தை என் கையில் வைத்து, யாருக்கு வலைப் படம் கொடுத்தாலும் சொல்வதையே சொன்னார். "வலைக்கண்ண எண்ணிப் பாத்துச் சொல்லுப்பா."

குனிந்தேன். கண்ணீரில் வலையும் முகமும் ஒன்றாகக் கரைந்து ஓடின. "சரியா இருக்குதுக்கா" என்றேன்.

அந்தப் பெரிய படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இப்போதெல்லாம் யார் படம் காட்டினாலும் பின்னால் நிற்பவரைத்தான் முதலில் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சிய பழக்கம் அது. நேற்று அடக்கம் முடிந்ததும் ரஹீம், "எதுனா சொல்றியாப்பா?" என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தின் முன்னால் நின்று வலைக்கண்ணை எண்ணிப் பார்த்தேன்.

எண்ண முடியலக்கா. லென்ஸ் மேல தப்பில்ல.