காரம் இல்லாத ஒரே கடை

மதுரையில் இருக்கும் அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடைக்கு நாங்கள் ருசிக்காகப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு உறைப்பில்லாமல், புளிப்பில்லாமல், மெல்ல வேண்டிய அவசியமில்லாமல் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் எந்தக் கடையிலும் அப்படி ஒரு சாப்பாடு இல்லை. இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால்கூட, மாவின் புளிப்பு பட்டு அவருக்கு வாய் எரிந்தது.

அவர் சந்தையில் மாட்டுத் தரகர். என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் எனக்கு மச்சான்தான், பின்பும் மச்சான்தான். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. சின்னப் பிள்ளைகளோடு நாளெல்லாம் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். அவர் அதற்கு நேர்மாறு. விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்து, இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து வியாபாரத்தை முடித்துவிடுவார். வாய்தான் அவருக்கு முதல். அந்த வாயில் எந்நேரமும் ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கும், உள்ளே புகையிலை. அதே கன்னத்தில்தான் புண் வந்தது.

சாப்பாட்டில் அவருக்கு உறைப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கும் கறிக்குழம்பை ஒரு வாய் அள்ளிவிட்டு, "இது என்ன, பச்சப்புள்ளைக்கு வச்ச குழம்பா?" என்பார். எழுந்து போய் இரண்டு பச்சை மிளகாயை எடுத்து வந்து, கடித்துக்கொண்டே சாப்பிடுவார்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவருடைய கன்னத்தையும் தாடை எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையை வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். அதன்பிறகு வாரக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கரண்ட் வைத்து முடித்தபோது நோய் போய்விட்டது என்றார்கள். கூடவே எச்சில் வற்றியது, ருசி போயிற்று. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு குழறியது. எனக்கும் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கும் மட்டும்தான் அது புரியும். அவர் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

பாஸ்தாவைச் சொன்னது மகள்தான். "அம்மா, ஒயிட் சாஸ் பாஸ்தான்னு ஒண்ணு இருக்கு. பாலும் வெண்ணெயும் சேத்துச் செய்வாங்க. காரமே இருக்காது. அப்பாவுக்கு வாங்கிக் குடுத்துப் பாரு" என்று போனில் சொன்னாள். அடுத்த முறை செக்கப்புக்கு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து, அவள் சொன்ன மாலுக்குப் போனோம்.

உள்ளே நல்ல குளிர். சுவர் முழுக்கச் சாய்ந்த கோபுரத்தின் படம். நாங்கள் உட்கார்ந்த நாற்காலிகள் சிவப்பும் பச்சையுமாக இருந்தன. அவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாயோரம் வழிவதை அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். பரிமாற வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். நான் மெனு அட்டையைத் திறக்கவே இல்லை.

"காரமே இல்லாத ஒயிட் சாஸ் பாஸ்தா வேணும். மொளகுகூட இருக்கக் கூடாது. நல்லாக் கொழைய வெந்திருக்கணும்."

"சரிங்க மேம், சொல்லிச் செய்யச் சொல்றேன்" என்றவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆபரேஷனா மேம்? பேரையூர்ல எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான்" என்றாள்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"ஆர்டர் சொல்லிட்டு வாரேன் மேம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாஸ்தா வந்தது. அவர் கரண்டியின் ஓரத்தால் ஒரு துண்டை இரண்டாக நறுக்கி, வாயின் நல்ல பக்கமாகப் பார்த்து உள்ளே தள்ளினார். எரிச்சலில் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். சுருங்கவில்லை. விழுங்கினார். அடுத்த கரண்டி எடுத்தார். மாதக்கணக்கில் அவர் கஞ்சியைத் தவிர வேறொன்றையும் விழுங்கி நான் பார்க்கவில்லை. பாதித் தட்டு காலியானபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"ஊரக் கூட்டாத" என்றார்.

வாசல் பக்கம் ஒரு மணி தொங்கியது. சாப்பாடு பிடித்திருந்தால் மணி அடியுங்கள் என்று அதன்கீழ் எழுதியிருந்தது. வெளியே வரும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி அடித்தார். உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் "தேங்க் யூ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவர் இன்னொரு முறையும் அடித்தார்.

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, இனி எல்லாம் மேலே ஏறும் என்று நினைத்தேன். இன்றைக்குப் பாஸ்தா, அடுத்த மாதம் குழைந்த சோறு, அதற்கடுத்த மாதம் பருப்புச் சோறு. செல்லம்பட்டி தாண்டுவதற்குள் மனசுக்குள் தீபாவளிக் கறிக்குழம்பு வரைக்கும் போய்விட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் சாப்பிடுவதையே நானும் சாப்பிட்டேன். எனக்கு அது வெண்ணெய் போட்ட கூழ் மாதிரி இருந்தது. ஆனால் அவர் எதிரில் உறைப்பாக ஒன்றைத் தின்ன மனம் வரவில்லை. மேசையில் கொண்டுவந்து போடும் மிளகாய்த் தூள் பொட்டலங்களைக்கூட அவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பேன். பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம், "அவருக்குப் பாஸ்தான்னா உசிரு" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டிலும் செய்து பார்த்தேன். உசிலம்பட்டிக் கடையில் கிடைத்த மக்ரோனியை வேகவைத்து, மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றினேன். கட்டி கட்டியாகத் திரண்டது. இரண்டு கரண்டி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

அதனால் அடுத்த முறை, அந்தப் பெண்ணிடம் கட்டி விழாமல் எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவளும் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து, பாலைச் சூடாக ஊற்றக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் போனதும் அவர் கேட்டார்.

"எதுக்கு இதெல்லாம் விசாரிக்கிற?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல மச்சான்."

"பிடிச்சிருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?"

நான் அவரையே பார்த்தேன். அவர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வாய்ல மண்ணள்ளிப் போட்டாலும் ஒண்ணுதான், இதப் போட்டாலும் ஒண்ணுதான். எனக்கு ஒரு எழவும் தெரியல. இது வழுக்கிக்கிட்டு உள்ள போயிருது. அம்புட்டுத்தான்."

"அப்பறம் எதுக்கு அன்னைக்கு மணி அடிச்சீங்க?"

"நீ அழுதுக்கிட்டு நின்ன. அதுக்குத்தான்."

எனக்குச் சாப்பிட ஓடவில்லை. பல மாதங்களாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது அவர் எனக்காகச் செய்த ஒரு காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அந்தப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டு, மெனு அட்டையில் ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். மிளகாய் போட்ட கோழிப் பிட்சா. பக்கத்தில் காரத்துக்கு அடையாளமாக மூன்று சிவப்பு மிளகாய் வரைந்திருந்தது.

"வேணாம் மச்சான்."

"ஒனக்குத்தான். நீ தின்னு. நான் பாக்குறேன்."

பிட்சா வந்தது. அவர் முழங்கையை மேசையில் ஊன்றி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். உண்மையிலேயே நல்ல உறைப்பு. மூக்கில் நீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

"சப்புனு இருக்கு மச்சான். ஒண்ணுமே இல்ல."

"பொய் சொல்லாத. ஒழுங்காச் சொல்லு."

சொன்னேன். முதலில் சீஸின் உப்புதான் தெரிகிறது என்றேன். கடித்தால் கோழித்துண்டில் கரிந்த வாசம் வருகிறது, மிளகாய் உடனே உறைக்கவில்லை, விழுங்கிய பிறகுதான் நாக்கின் ஓரத்திலிருந்து தொண்டை வரைக்கும் ஏறுகிறது, காதுகூடச் சுடுகிறது என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் லேசாக அசைந்தது. சொல்லிச் சொல்லியே அவருக்கு ஏதோ கொடுத்துவிடலாம் என்று ஒரு ஆசை எனக்கு வந்துவிட்டது. வெங்காயத்தைப் பற்றி, தக்காளியின் புளிப்பைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

"போதும்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "விடு. வரல."

மீதியைத் தின்னச் சொன்னார். என்னால் முடியவில்லை. அதன்பிறகு எதன் ருசியையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

அடுத்த செக்கப்புக்கு முன்பே கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. முதலில் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், சதையில் கொஞ்சம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த நாளில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இனி ஆபரேஷன ஒடம்பு தாங்காது. அதே எடத்துல திரும்பக் கரண்டும் வைக்க முடியாது. வலிக்கு மருந்து தர்றேன். வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்கம்மா. என்ன பிடிக்குதோ அதச் சாப்பிடக் குடுங்க."

அவர் சிரித்தார். இழுத்துத் தைத்திருந்த கன்னத்தில் அது சிரிப்பாகவே தெரியவில்லை. அவர் அழுகிறார் என்று நினைத்து, டாக்டர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் வழக்கம்போல அந்த மாலின் பெயரைச் சொல்லிவிட்டேன். வேறு எங்கே போவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்று பக்கத்து மேசையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். காகிதக் கிரீடம் வைத்திருந்தார்கள். வேலையாட்கள் கைதட்டிப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அந்தக் குழந்தை எங்கள் பக்கம் திரும்பி, அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதன் அம்மா, "சாரிங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே குழந்தையைத் தூக்கி மறுபக்கம் முகம் பார்க்க உட்காரவைத்தார். என் வீட்டுக்காரர் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டார்.

எங்களுக்குப் பழக்கமான அந்தப் பெண், நாங்கள் கேட்காமலே பாஸ்தா கொண்டுவந்து வைத்தாள். அவர் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார். அது உள்ளே நுழையவில்லை. முந்தைய முறையைவிட இந்த முறை வாய் அவ்வளவு இறுகியிருந்தது. பாலாக இருந்த சாஸ் தாடை வழியே வழிந்து சட்டையில் விழுந்தது. அவள் ஓடிப்போய்ச் சின்ன டீக்கரண்டி கொண்டுவந்தாள். அதுவும் ஆகவில்லை. ஸ்ட்ரா கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மகராசி, போதும்" என்று அவளிடம் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"போதுமாம்" என்றேன்.

"பார்சல் பண்ணவா மேம்?"

யாருக்கு என்று கேட்கத் தோன்றியது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு அவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அரைத்த கஞ்சியையும் பாலையும் சிரிஞ்சில் இழுத்து, குழாயில் மெதுவாக ஊற்றுவேன். நாக்கில் எதுவும் படாமலே வயிறு நிறைந்துவிடும். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். கடைசி வரைக்கும் அவருக்கு வாசம் மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கைகாட்டுவார். ஒரு நாள் சாத்த மறந்து பள்ளிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டை மூக்கின்மேல் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப அவரால் குரல் கொடுக்க முடியவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தோலுக்குக் கீழே எலும்பு தவிர வேறொன்றும் கையில் படவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். ஊர் திரண்டு வந்தது. சந்தைக்காரர்கள் மாலையோடு வந்து, அவர் பேசிய பேச்சுக்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அழுதேனா என்று நினைவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், வழக்கப்படி சொந்தக்காரர்களுக்குக் கறிச்சோறு. காலையிலிருந்தே கொல்லையில் பெரிய பாத்திரத்தில் குழம்பு கொதித்தது. எனக்கு முன்னால் இலை போட்டபோது எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பசித்தது. எத்தனையோ நாளாகப் பசிக்காத பசி. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். உப்பு தெரிந்தது. மல்லி தெரிந்தது. நல்லி எலும்பின் மஜ்ஜை தெரிந்தது. மிளகாய் விழுங்கிய பிறகு தொண்டையில் ஏறியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. என் நாக்கின்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

மகள் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?"

ஊற்றச் சொன்னேன்.