நாடாவின் மறுமுனை

நான் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுபவள் அல்லள். முப்பத்தோராண்டுகள் ஆறுகளை அளந்தவள். இது நடந்தது, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நம்ப மனமில்லாதவர் இவ்வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மலையாறு மிகச் சிறியது. உச்சியிலுள்ள சதுப்பில் ஊறி, வடக்கே மூன்று கிலோமீட்டர் ஓடி, கரும்பாறை ஒன்றில் முட்டிக் கிழக்கே திரும்பி, அருவியாக விழுகிறது. பாறைக்கும் அருவிக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் வரைபடத்தில் வெறுமையாக இருந்தது. அதை அளக்க என் தம்பியுடன் சென்றேன். தாயில்லாத அவனை வளர்த்தவள் நான். தொழில் கற்பித்தவளும் நானே.

“அக்கா, உன்னைக் கண்டா ஆத்துக்கே பயம். எப்படி நெளியுது பாரு.”

“வாயாடாம நாடாவைப் பிடிடா.”

அளவு நாடாவின் நுனி என் கையில். சுருளுடன் அவன் முன்னே செல்வான். வளைவில் நின்று அளவைக் கூவுவான். நான் திருப்பிச் சொல்வேன். “சரி” என்று கூவி, அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு மேலே நடப்பான். நான் அந்தக் கல்வரை செல்வேன்.

மாலை 3.40. மூடுபனி இறங்கியது. அவன் முதுகு மறைந்தது.

“பதினேழு.”

“பதினேழு!”

“சரி.”

4.05. “முப்பது.” அடுத்தும் முப்பது. அதற்கடுத்தும்...

நெளிந்தோடும் ஆற்றில் எட்டு முறை முப்பதா?

குனிந்து கல்லைத் தொட்டேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆற்றின் அடியில் கிடக்கும் கல்.

“டேய், ஒழுங்காப் பார்த்துச் சொல்லு!”

“சரி.”

குரல் அவனுடையதுதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

4.22. நீரொலி இடப்பக்கம் கேட்க வேண்டும். கீழிருந்து கேட்டது...

என் காலடியில் ஒரு கூழாங்கல் உருண்டது. விழுந்த ஓசை மூன்று வினாடி கழித்தே வந்தது.

அருவியின் விளிம்பு.

நாடா என் கையிலிருந்து அந்தரத்தில் நீண்டிருந்தது. தொய்வே இல்லை.

“முப்பது.”

விட்டுவிட்டேன்.

அது விழவில்லை. மெல்லச் சுருண்டு... பனிக்குள் சென்றது.

தவழ்ந்தே திரும்பினேன். 5.20க்கு நாங்கள் தங்கியிருந்த கொட்டகையை அடைந்தேன். தம்பி அடுப்பருகில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“குளிர் தாங்கலக்கா. மூணே முக்காலுக்கே கிளம்பிட்டேன். சுருளைப் பாறைகிட்ட மரத்துல கட்டிட்டுத்தான் வந்தேன். நீ பார்த்துட்டு வந்துடுவன்னு...”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவாரம் அலுவலகத்தில் பழைய அளவைப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குமுன் அதே பகுதியை அளக்க முயன்றிருக்கிறார்கள். கடைசி எட்டு அளவுகளும் முப்பது. அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு: “சுருளுடன் முன்னே சென்றவர் திரும்பவில்லை. பின்னால் நின்றவர் அருவியடியில் கிடைத்தார்.”

அப்புத்தகத்தை எனக்குமுன் எடுத்தவரின் கையொப்பம் அட்டையில் இருந்தது. நாங்கள் புறப்படுவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

என் தம்பியின் கையொப்பம்.

உள்ளே, கரும்பாறை என்ற சொல்லின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். நான் திருத்தித் திருத்திப் பழக்கிய கையெழுத்து.

“நான் இதுவரை மட்டும்.”