குழாயில் நின்ற ரத்தம்

விரல் மூட்டுகளில் முடக்குவாதம் வந்தபோது துடியலூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுப்பதும் அதைச் சோதிப்பதும்தான் என் பிழைப்பு. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். என் விரல்கள் மடங்க மறுப்பதும் அதே நேரத்தில்தான். வெயில் ஏறிய பிறகே கை சொன்ன பேச்சைக் கேட்கும். வந்த நோய் என் வேலை நேரத்தை விசாரித்துக்கொண்டு வந்தது போலும்.

மாத்திரை தவறாமல் சாப்பிட்டேன். வலி குறையவில்லை. மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்பார், மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார், கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். "வலிக்குதுன்னு தெரியுது அம்மணி. ஆனா ரத்தத்துல ஒண்ணும் காட்டலைங்களே. அடுத்த தடவை இஎஸ்ஆர் ஏறியிருந்தா ஊசி மருந்துக்கு மாத்திப்போடலாம்" என்றார். நான் சொன்னால் எடுபடாது, என் ரத்தம் வந்து சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். நார்மல் என்று தெரிந்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் தேங்காய்ப் பால் ஆப்பம் கேட்டார். துருவும்போது அழுதேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சோதனையை எங்கள் நிலையத்திலேயே செய்தோம். கூட வேலை செய்யும் பெண் காலையில் என் ரத்தத்தை எடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, மற்றவர்களின் குழாய்களோடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் இஎஸ்ஆர் கணக்கு; அதிகம் இறங்கினால் எண் ஏறும். உடம்பில் அழற்சி அதிகமென்றால் பெரும்பாலும் வேகமாக இறங்கும். எத்தனையோ பேருடைய குழாய்களை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று நகர முடியவில்லை. இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். நோய் ஏறியிருக்க வேண்டும் என்று வேண்டுகிற கதிக்கு வந்துவிட்டேன்.

சிவப்பு அசைவதாகவே இல்லை. பாதி நேரம் போய்விட்டது.

குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ரத்தம் வேகமாக இறங்கிவிடும். இந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுக்கிற எச்சரிக்கை அது. ஸ்டாண்டையே சாய்த்தால் மற்றவர்களின் கணக்கும் கெட்டுப்போகும். என் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை மட்டும் விலக்கிச் சற்றுச் சாய்த்தால் போதும். எண் ஏறும். ஊசி மருந்து கிடைக்கும். கை திரும்பக் கிடைக்கும். யாரை ஏமாற்றுகிறேன்? என் வலி பொய்யில்லையே.

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிளிப்பில் வைத்து அழுத்தினேன். அது அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். மூட்டுக்குள் தீ வைத்தது போல் எரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தித் திறக்கக்கூடிய கிளிப் அது.

நேரம் முடிந்து அந்தப் பெண் வந்து குனிந்து பார்த்தபோதும் என் விரல்கள் அதன் மேல்தான் இருந்தன.

"நார்மல்தானுங்க்கா" என்றாள், சந்தோஷமாக.