மருந்து கொடுக்கப்பட்டது

அந்தத் திங்கட்கிழமை சாவடியில் வந்து காத்திருந்தவர்கள் மூன்று பேர்: காய்ச்சல்காரர் மாரப்பன், மயிலாத்தாள், அவளுடைய ஏழு வயது மகள் பாப்பாத்தி. வராதவர் ஒருவர்: டாக்டர். அவர் வந்தார் என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்று மட்டுமா? பதினாறு திங்கட்கிழமைகள்.

கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் ஊருக்கு ஏழு மைல் வண்டித்தடம். வாரம் ஒரு நாள் டாக்டர் ஒருவர் வந்து பார்ப்பார் என்று ஜில்லா போர்டில் ஏற்பாடு. அவர் வந்ததற்கு அத்தாட்சியாக, ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் ஏட்டில் கையெழுத்திட்டு, மாதாமாதம் போர்டுக்கு நகல் அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒருவன்தான் உண்டு.

ஐப்பசி மழையில் தடம் சேறானதும் டாக்டர் ஏட்டை என்னிடமே கொடுத்தார். "தடம் காயற வரைக்கும் நீங்களே எழுதி வைங்க, மிஸ்டர். உங்க எழுத்து அச்சாட்டம் இருக்கு" என்றார்.

மிஸ்டர்! என் தகப்பனார் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைத் தலைமயிரில் துடைத்துக்கொள்கிறவர். அவர் மகனை ஒரு டாக்டர் மிஸ்டர் என்கிறார். இவ்வளவுதான் என் விலை. லஞ்சம் வாங்கியிருந்தால்கூட இத்தனை அருவருப்பாக இராது.

தடம் காய்ந்தது. அவர் வரவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

தை மாதம் சோளத்தட்டு அறுக்கையில் தோகை ஒன்று பாப்பாத்தியின் வலக் கண்ணைக் கீறிவிட்டது. நந்தியாவட்டைப் பூவை ஒற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சீழ் வைத்தது. அதன் பிறகுதான் சாவடிக்கு வந்தார்கள். ஈயை ஓட்டவும் தெம்பில்லாமல் அந்தப் பிள்ளை தாய் மடியில் கிடந்தது.

"டாக்டரு வர்றதுக்குள்ள இந்தக் காச்சலே சலிச்சுப்போயி என்னைய உட்டுட்டுப் போயிருமாட்ட இருக்குது" என்றார் மாரப்பன். நான் சிரித்தேன்... சிரித்தேன்.

வெயில் சாய்ந்ததும் மயிலாத்தாள் கேட்டாள். "ஏனுங் கண்ணு, பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கே கூட்டீட்டுப் போயரட்டுமா? புள்ள வலி பொறுக்க மாட்டீங்குது."

பொள்ளாச்சியில் என்ன கேட்பார்கள்? உங்கள் ஊருக்குத்தான் வாராவாரம் டாக்டர் வருகிறாரே என்பார்கள். வரவில்லை என்று இவள் சொல்வாள். அப்புறம் ஏட்டைப் புரட்டுவார்கள்...

"எதுக்குங்கக்கா அத்தனை தூரம்? அடுத்த திங்கக்கெழமை கட்டாயம் வந்துருவாருங்க" என்றேன்.

"நீ சொன்னாச் சரி கண்ணு. படிச்ச புள்ள."

வீட்டுக்குப் போன கையோடு எழுதினேன்: பாப்பாத்தி, வயது ஏழு, கண் நோவு, மருந்து கொடுக்கப்பட்டது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த திங்களும் அவர்கள் வந்தார்கள், டாக்டர் வரவில்லை. அன்றும் எழுதினேன். மயிலாத்தாள் இம்முறை என்னைக் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். பொள்ளாச்சியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முந்தி வந்திருக்கலாமே என்று கேட்டார்களாம். "தூரமுங்க" என்றாளாம். என் பெயரைச் சொல்லவில்லை.

டாக்டர் வருவதே இல்லை, ஊரோடு இருக்கும்படி ஒருவரை அனுப்புங்கள் என்று ஊர் மணியக்காரர் போர்டுக்கு மனுப் போட்டார். பதில் இங்கிலீஷில் வந்தது. படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு வாரமும் தவறாமல் வந்ததற்கு அவ்வூரார் ஒருவரின் கையொப்பமே சாட்சி. இன்னொருவரை அனுப்ப அவசியம் இல்லை. இதுதான் அதில் இருந்தது.

"என்ன கண்ணு போட்டிருக்குது?" மயிலாத்தாள்தான் கேட்டாள். இடுப்பில் பாப்பாத்தி.

"யோசிக்கறாங்களாமுங்க" என்றேன்.

நம்பினார்கள். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இனி எழுத மாட்டேன் என்று ஏட்டை டாக்டருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், அதனால் என்ன? ஊருக்கு டாக்டர் இன்றும் இல்லை.

இந்தக் கையால்தான் சோறு பிசைகிறேன். சாப்பிடவும் செய்கிறேன், பாருங்கள்! மயிலாத்தாள் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டயா கண்ணு?" என்கிறாள். எங்கள் பக்கத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவள் மனதில் வேறொன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பதினாறு கையெழுத்து. அவர்களுக்கு ஆன செலவு, ஒரு கண்.