புதிதுபோல் இருந்த பச்சைப் புத்தகம்

பெரிய மனிதர்கள் செத்தால் அவர்கள் வீடு கலைக்கூடம் ஆகிவிடும். சின்ன மனிதர்கள் செத்தால் வெள்ளையடித்து அடுத்தவனுக்கு வாடகைக்கு விடுவார்கள். வழுக்கலாருக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை. அவர் சாகவும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் அவர் குடியிருந்த அறையைக் கழிவறை ஆக்கிவிட்டார்கள்.

வழுக்கல் என்பது பட்டப்பெயர். மாளிகையின் மரத்தரைக்கு மெழுகு தேய்ப்பதுதான் அவர் வேலை. ஒருநாள் தொப்பையும் கைத்தடியுமாக வந்த விருந்தாளி ஒருவர், வாசலில் காலை வைத்தவர் சாப்பாட்டு மேசையில் போய்த்தான் நின்றார். பசி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முதலாளி வைத்த பெயர் அது. முதலாளி வைத்த பெயரை மாற்றவா முடியும்? தெருவும் அப்படியே கூப்பிட்டது. தலை நரைத்தபின் மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். அவர் வாழ்நாளில் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.

இப்போது வயது அறுபத்தெட்டு. தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறார். முதலாளியும் அவர் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், கடல் தாண்டி இருந்த பிள்ளைகள் மாளிகையை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகச் சாரம் கட்டி, பூசி, கொத்தி, போன வருஷம்தான் பொது நூலகமும் கலைக்கூடமுமாகத் திறந்தார்கள். திறந்த நாளிலிருந்து வழுக்கலார் காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கேட்டுவரை போய்த் திரும்பிவந்தார்.

"உள்ள போனா கடிச்சா வச்சிடுவாங்க?" என்றாள் தங்கை மகள். பஸ் கம்பெனி அலுவலகத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். நாள் முழுக்க நூறு பேரிடம் கத்துவதால் வீட்டிலும் குரல் இறங்காது. "கேட்டுக்குக் காவல் நிக்க உங்களுக்குச் சம்பளமா குடுக்கிறாங்க மாமா? நாளைக்கு எனக்கு லீவு. கிளம்புங்க."

"எதுக்கும்மா? எனக்கென்ன படிக்கவா தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல. அத்தை விட்ட எடத்துல இருந்து நான் படிக்கிறேன்."

அவர் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். வழுக்கலாரின் மனைவி அந்த வீட்டுச் சமையற்காரி. எட்டாம் வகுப்பு படித்தவள். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பஸ் நம்பர் படிப்பார், கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். மாடியில் முதலாளியின் நூலகத்தில் இரண்டாயிரம் புத்தகங்கள் இருந்தன. சுவரின் நீளத்தை அளந்து கொடுத்து வாங்கிய புத்தகங்கள். சமையற்காரிக்கு மாடிப்படி ஏற அனுமதி கிடையாது. மெழுகுக்காரனுக்கு உண்டு. அதனால் சனிக்கிழமை தூசி தட்டப் போகும்போது, கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு புத்தகத்தைத் துணிமூட்டைக்குள் மெழுகு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கீழே கொண்டுவருவார். முதலாளி வீடு சாப்பிட்டுத் தூங்கும் மத்தியான நேரத்தில், சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் அவள் படிப்பாள், அவர் கேட்பார். அடுத்த சனிக்கிழமை புத்தகம் தன் இடத்துக்குப் போய்விடும்.

போவதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்வார். அவள் வெங்காயம் நறுக்கிய கையோடு பக்கம் புரட்டுகிறவள். அந்த விரல்தடத்தை எல்லாம் ரொட்டித் துணுக்கை உருண்டை பிடித்து மெல்லத் தேய்த்து எடுப்பார். நிறுத்திய இடத்தில் அவள் பக்க முனையை மடித்துவிடுவாள். ஈரத்துணியை மேலே போட்டு, சூடான கரண்டியின் அடிப்பாகத்தால் நீவி அந்த மடிப்பை இல்லாமல் ஆக்குவார்.

"நீங்க தொடைக்கிற தொடைப்புல எழுத்தே போயிடும் போலிருக்கு" என்பாள்.

"நீ மடிக்கிற மடிப்புல வேலையே போயிடும்டி."

"போகட்டுமே. புத்தகத்தை மனுசன் தொட்டா தொட்ட மாதிரிதான் இருக்கும். இது என்ன, நகையா?"

தொழில் தெரிந்தவன் கை சும்மா இருக்குமா? இருக்காது. தரையில் காலடித்தடம் தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. புத்தகத்தில் கைத்தடம் தெரிந்தால் சும்மா விடுவாரா?

கடைசியாகக் கொண்டுவந்தது ஒரு பச்சை அட்டைப் புத்தகம். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒருத்தன், எங்கோ ஒரு பாலத்துக்குக் காவல்காரன் ஆகிறான். அவனைத் தேடி அவன் பெண்டாட்டி ஊர் ஊராக நடக்கிறாள். செருப்பு அறுந்து, தைத்து, மறுபடி அறுந்து, ஒருவழியாக அந்தக் காவல் குடிசையைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அந்த நேரம் பார்த்து மேலே முதலாளியம்மா டீக்கு மணி அடித்தாள்.

"மீதி நாளைக்கு" என்று முனையை மடித்துவைத்து எழுந்துபோனவள், மறுநாள் காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்:

"என்னங்க, அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க. தலகாணிக்கு அடியில வச்சுக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கு விருந்தாளி வர்றாங்கடி. அலமாரியில காலி எடம், பல்லு விழுந்த மாதிரி தெரியும்."

"அப்ப நீங்களே படிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்று சிரித்தாள். படிக்கத் தெரியாதவனிடம் சொல்கிற வார்த்தையா அது? அவர் வீட்டுக்கு வந்தார், ரொட்டித் துணுக்கால் தேய்த்தார், கரண்டியால் நீவினார், புத்தகத்தைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். அவள் பதினோராம் நாள் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கதவு திறந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் தெரிய வேண்டும். வேறு ஆசை என்று அவருக்கு ஏதும் இல்லை.

மறுநாள் மாளிகை வாசலில் காலுக்கு மாட்டிக்கொள்ளத் துணிப்பை ஒன்றைக் கொடுத்தான் காவலாளி. "பழைய காலத்துத் தரை சார், கீறல் விழுந்துடும்."

வழுக்கலார் குனிந்து ஒரு விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். மேலே ஏதோ கண்ணாடி மாதிரிப் பூசியிருந்தார்கள்.

"என்ன மாமா?"

"நகத்துக்குப் பூசுற சாயம் மாதிரி இருக்கு. மரம் மூச்சே விடாது."

"சரி, மூச்சு விடாம நடங்க."

சமையலறையில் ஓவியக் கண்காட்சி. அடுப்பு இருந்த சுவரில் பெரிதாக ஒரு வெள்ளைத்துணி, அதன் நடுவே ஒரு சிவப்புக் கோடு. நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு அதன்முன் நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் அவருடைய அறை. நடுவில் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பி, ஒரு பக்கம் ஆண்பொம்மை, மறுபக்கம் பெண்பொம்மை ஒட்டியிருந்தார்கள்.

தங்கை மகள் இரண்டு பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "உள்ள போகணுமா மாமா?" என்றாள்.

"வரல" என்றார். எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

நூலகம் மாடியில்தான். கண்ணாடி போட்ட நூலகர் அம்மா நல்ல மாதிரி. புத்தகம் எடுத்துப்போக உறுப்பினர் அட்டை வேண்டும், அதற்கு முகவரிச் சான்று வேண்டும் என்று சொல்லி, வழுக்கலாரின் அடையாள அட்டையை வாங்கிக் கணினியில் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"சார், இது எங்க முகவரி."

"என்னோடதும் அதுதாம்மா."

"இல்ல சார், இது இந்தக் கட்டடத்தோட முகவரி. இங்க யாரும் குடியிருக்க முடியாது."

"குடியிருந்தேனே."

"எந்த ரூம்ல?"

தங்கை மகள் முந்திக்கொண்டாள். "கீழ, ஆண்கள்னு போட்டிருக்கே, அங்கதான் மாமா கட்டில். அத்தை பெட்டி பெண்கள் பக்கம். அப்பவே ஒழுங்காத்தான் பிரிச்சு வச்சிருந்திருக்காங்க."

பக்கத்து மேசையிலிருந்து யாரோ உஸ்ஸென்றார்கள். நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. கடைசியில் தங்கை மகளின் அடையாள அட்டையை வாங்கி, அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டைக்கு எழுதிக்கொண்டாள். "என்ன புத்தகம் வேணும்? தலைப்பு சொல்லுங்க."

தலைப்பு! மனைவி தலைப்பை எப்போதாவது சொன்னாளா? சொல்லியிருப்பாள். அவருக்கு அது எதற்கு? அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாடிப்படி ஏறினதும் ரெண்டாவது அலமாரி. மேல இருந்து மூணாவது தட்டு. ஜன்னல் பக்கத்துல இருந்து எண்ணினா ஒன்பதாவது. பச்சை அட்டை."

நூலகர் அம்மா அவரைப் புதிதாகப் பார்த்தாள். "மாளிகை கைக்கு வந்தப்போ ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து வச்சிருக்காங்க. இருங்க." கணினியில் தேடி ஒரு படத்தைத் திறந்தாள். அதோ, இரண்டாவது அலமாரி. அதோ, மூன்றாவது தட்டு. திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார் வழுக்கலார். ஒன்பதில் விரல் நின்றது. பச்சை.

"இதாம்மா. இதேதான்."

தங்கை மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நூலகர் அம்மா படத்தைப் பெரிதாக்கி, புத்தகத்தின் முதுகில் இருந்த தலைப்பைப் படித்து, எண்ணைத் தட்டினாள். வந்ததைப் படித்தாள். முகம் மாறியது.

"இது இப்போ இல்ல சார். நீக்கிட்டாங்க."

"நீக்கிட்டாங்கன்னா? வேற எங்க வச்சிருக்காங்க?"

"இல்ல… ரெண்டாயிரம் புத்தகத்துக்கு இங்க எடம் இல்ல. ஓவியத்துக்கு வேற எடம் வேணும். அதனால ஒரு குழு போட்டு அறுநூறை மட்டும் வச்சுக்கிட்டாங்க. மீதி காகித ஆலைக்குப் போயிடுச்சு. கூழாக்க."

"இதை எதுக்கு அனுப்பினாங்க?" என்றாள் தங்கை மகள். "நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதாம்மா. பழைய வீட்டு நூலகம்னா, அந்த வீட்டாளுங்க படிச்ச அடையாளம் இருக்கிறதைத்தான் வச்சுக்கணும்னு விதி. கோடு போட்டது, கறை, மடிப்பு, ஓரத்துல எழுதினது, இப்படி. சும்மா அழகுக்கு வாங்கி வச்சதுக்கு மதிப்பில்ல." திரையைப் பார்த்து மெதுவாக வாசித்தாள்: "'பச்சை அட்டை. புதிதுபோல் உள்ளது. மடிப்பு, கறை, குறிப்பு எதுவும் இல்லை. ஒருபோதும் வாசிக்கப்படவில்லை.'"

வழுக்கலார் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அதை இடது கையால் மூடிக்கொண்டார்.

"வேற எங்கயாவது கிடைக்குமா மேடம்?" என்றாள் தங்கை மகள்.

நூலகர் அம்மா தேடினாள். நிஜமாகவே தேடினாள், இரண்டு இடத்துக்குப் போன்கூடப் போட்டாள். ஒரே ஒரு முறை, கொஞ்சமாக அச்சடித்திருக்கிறார்கள். எந்த நூலகத்திலும் இல்லை.

"வச்சுக்கிட்டதைப் பாக்குறீங்களா சார்? உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருக்கும்" என்று, பாவம், ஆறுதலுக்காகக் கூட்டிப்போனாள். மாடி நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு. விளக்கின் கீழ் தடித்த புத்தகம் ஒன்று. அட்டையில் வட்ட வட்டமாகக் கோப்பைக் கறை. பக்கத்தில் அறிவிப்பு. தங்கை மகள் படித்தாள்: "'மாளிகை உரிமையாளர் தினமும் தேநீருடன் வாசித்த நூல்.'"

வழுக்கலாருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "மேசை கறையாகக் கூடாதுன்னு முதலாளி அது மேலதாம்மா கோப்பையை வைப்பாரு. ஒருநாள்கூடத் தெறந்ததில்ல. அந்தக் கறையைத் தொடைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்டா, மறுபடியும் அங்கேதான் வைப்பேன்னாரு."

"அப்படியா?" என்றாள் நூலகர் அம்மா. "அப்போ அந்தப் பச்சைப் புத்தகத்தை யாரு படிச்சா?"

தங்கை மகள்தான் சொன்னாள், கத்தாமல், டிக்கெட் கொடுக்கிற குரல் இல்லாமல். ரொட்டித் துணுக்கைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள், பதினோரு நாளைச் சொன்னாள். நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஒரே ஒரு மடிப்பு இருந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியும் பயனில்லை. வரவேண்டியது வந்து விழுந்துவிட்டது.

"இருந்துச்சும்மா" என்றார் வழுக்கலார். "நான்தான் எடுத்தேன்."

உறுப்பினர் அட்டை தயாராகிவிட்டது, இன்றைக்கே இரண்டு புத்தகம் எடுக்கலாம் என்று நூலகர் அம்மா பின்னாலேயே வந்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார். தங்கை மகள் அவர் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். பாதிப் படியில் சொன்னாள்:

"கதவு தெறந்திருக்கும் மாமா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை எவனாவது வெளிய நிக்க வைப்பானா?"

வழுக்கலார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து மேலே ஏறுகிற ஒரு கூட்டம் அவருக்காகச் சுவரோரம் ஒதுங்கிக் காத்திருந்தது.

"வைப்பான்" என்றார். "தலகாணிக்கு அடியில வச்சுக்கிறேன்னு கேட்டவகிட்ட, விருந்தாளி வர்றாங்கன்னு ஒருத்தன் சொல்லலியா? கதையில வர்றவளும் அந்த வாசல்ல கையைத் தூக்கினபடி நிக்கிறா. எறக்குறதா தட்டுறதான்னு சொல்ல இனி ஆள் இல்ல."

காத்திருந்தவர்களில் ஒருவர் பொறுமை இல்லாமல், "ஐயா, கொஞ்சம் வழி" என்றார். அவர் வழி விட்டு இறங்கினார்.