ஒருமுறை வெடிக்கும் மலைகளும் என் பையும்

நோர்வேக்கு வந்த முதல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நான் ஆடிய கூத்தை என் கணவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் வீட்டு யன்னலால் எட்டிப் பார்க்கிறேன்: கட்டடத்துச் சனம் முழுக்கப் பைகளும் பிள்ளைகளும் போர்வைகளுமாய் இறங்கி, கார்களில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவரும் கத்தவில்லை, அழவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படியால் இறங்கி ஓடினேன். மேல்மாடி பெரித் முகம் மலர்ந்து, "உங்கள் ஹித்தே எங்கே இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹித்தே என்றால் வார இறுதிக்குப் போய்த் தங்க இவர்கள் காட்டிலோ மலையிலோ வைத்திருக்கும் மரவீடு என்பது எனக்கு எப்படித் தெரியும்? பையோடு திரும்பப் படியேறினேன்.

யாழ்ப்பாணத்தில் ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கிய நாட்களில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படியொரு பை இருந்தது. சான்றிதழ்கள், துணியில் முடிந்த நகை, மாற்றுடுப்பு, மெழுகுதிரி, பிஸ்கட். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. புருசெத்திலும் சப்பாத்து அலுமாரிக்குள் அந்தப் பை இருந்தது. மகள் ஆரணி பிறந்ததும் அவளுடைய கம்பளிக் காலுறையும் அதற்குள் போனது. வளர்ந்தபிறகு அவளுக்கு அந்தப் பையைக் கண்டாலே வெட்கம். 2009இல் ஊரில் போர் முடிந்தபோது என் கணவர், "சண்டையும் முடிஞ்சுபோச்சு, இனியும் உந்தப் பை ஏன்?" என்று கேட்டார். அது முடிந்த விதத்தைப் பார்த்த நான் பையில் கைவைக்க விடவில்லை.

அந்தக் கோடையில்தான் ஆரணி குண்டைத் தூக்கிப் போட்டாள். மண்ணையும் கல்லையும் படிக்கிறவள், எரிமலை பற்றி ஆராய நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் போகப் போகிறாளாம்.

"அங்கை நகரத்துக்குள்ளையே எரிமலையள் இருக்கு அம்மா. பெரிசில்லை, சின்னச் சின்னக் குன்றுகள். புல்லு முளைச்சு, சனம் நாயோடை நடக்குது."

"திரும்ப வெடிக்காதோ?"

"ஒண்டு ஒருக்கா வெடிச்சு அடங்கினால் பெரும்பாலும் அவ்வளவுதான். அடுத்தது புது இடத்திலைதான் வரும்."

"எங்கை?"

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. நிலம் சின்னச் சின்னதாய் நடுங்கி, கொஞ்ச நாளைக்கு முந்தித் தெரியவரலாம். எரிமலைக் குழம்பு தண்ணியிலை முட்டிச்சுதெண்டால் சாம்பலும் சுடுகாத்துமாய் நிலத்தோடை அடிச்சுக்கொண்டு வரும். இல்லாட்டி நெருப்பாய்ப் பீச்சி, ஒரு குன்றைக் கட்டிப்போட்டு நிண்டிடும்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். விழுந்த இடத்தில் இனி விழாது, அடுத்தது எங்கே என்று தெரியாது. இதைப் படிக்க நான் பல்கலைக்கழகம் போகவில்லை. ஷெல் விழுந்து தோண்டிய கிடங்குக்குள்ளேயே போய்ப் படுத்திருந்தவள் நான்.

ஒஸ்லோவுக்குக் கீழேயும் எரிமலைக் கல் கிடக்கிறது, அது எப்போதோ செத்துப்போனது என்று அவள் சொன்னதும் பிடித்துக்கொண்டேன். "செத்தது இஞ்சை கிடக்கேக்கை அதைப் படியன்! உயிரோடை இருக்கிறதைத் தேடி உலகத்தின்ரை அந்தத் தொங்கலுக்குப் போகோணுமே?"

"உங்கடை பயத்தை நான் ஏனம்மா சுமக்கோணும்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

படியில் கண்ட பெரித்திடம் சொல்லி ஆறலாமென்று பார்த்தால், "எரிமலையா? ஸ்பென்னெந்தே!" என்றாள். எவ்வளவு சுவாரசியம் என்று அர்த்தம். என்னத்தைச் சொல்ல! இந்த நாட்டிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஓடுவதற்கென்று ஒரு பையை என் பிள்ளை ஒருநாளும் கட்டக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் குளிரையெல்லாம் பொறுத்தேன். ஆரணி போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு வெள்ளி மாலை தொலைபேசி அடித்தது. அவளுக்கு அங்கே சனி விடிந்திருந்தது.

"அம்மா, இஞ்சை வீட்டுக்காரி சொல்லுறா, எல்லாரும் ஒரு பை கட்டி வாசலடியிலை வைக்கோணுமாம். எரிமலைக்கும் பூமிநடுக்கத்துக்கும். என்ரை ரிக்செக் பை வெறுமனே கிடக்கு. நீங்கள் முதல்லை என்ன வைப்பியள்?"

ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அலுமாரியிலிருந்து பையை இழுத்தெடுத்து, படிப்பக்கக் கதவைத் திறந்து காற்றுப்பட வாசலில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துச் சொன்னேன். பாஸ்போர்ட். தண்ணீர். மருந்து. மாற்றுடுப்பு.

"நல்ல சப்பாத்து ஒரு சோடி கட்டிலடியிலை வை பிள்ளை. வெறுங்காலோடை ஓடாதை."

"ஓம் அம்மா," என்றாள். எழுதுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு கவனமாய் அவள் என் பேச்சைக் கேட்டு எவ்வளவோ காலம். அதற்குச் சந்தோசப்படவும் என்னால் முடியவில்லை.

தொலைபேசியை வைத்தபிறகு பையின் அடியில் கைவிட்டேன். சிவப்புக் கம்பளிக் காலுறை, என் இரண்டு விரல் நீளம். இத்தனை வருடமும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கே நான் பை கட்டியிருக்கிறேன்.

பெரித் வார இறுதி மூட்டைகளோடு படியிறங்கி வந்தாள். திறந்த கதவு, வாசலில் நான், மடியில் பை. இப்போது அவளுடைய தலை நரைத்திருந்தது. முகம் மட்டும் அன்றைக்குப் போலவே மலர்ந்தது.

"கடைசியில் நீங்களும் ஹித்தே வாங்கிவிட்டீர்கள்! எங்கே?"

காலுறையைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"தூரம்," என்றேன், அவளுடைய மொழியில். "சரியான தூரம்."